இல்லாததைக் காணும் செல்கள்: லுகேமியாவுக்கான ஸ்டெம் செல் மாற்றில் இயற்கைக் கொல்லிகள்

மனித ரத்தத்தில் ஓடும் லிம்போசைட் வகை வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் இயற்கைக் கொல்லி செல்கள். மருத்துவர்கள் சுருக்கமாக என்கே செல் என்பார்கள். வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் முன்பின் பார்த்திராமலேயே அழிக்கக்கூடியவை இவை. டி செல்லும் பி செல்லும் மரபணுத் துண்டுகளை மாற்றி அடுக்கி, ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனி ஏற்பியைச் செய்துகொள்கின்றன. என்கே செல்லுக்கு அந்த வசதி இல்லை. பிறப்பிலேயே கிடைத்த ஏற்பிகளை வைத்துக்கொண்டே எதிரே நிற்கும் செல்லைக் கொல்வதா, விடுவதா என்று அது முடிவெடுக்கிறது. கொல்வது என்று முடிவானால், பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அந்தச் செல்லின் சவ்வைத் துளைத்து கிரான்சைம் நொதிகளை உள்ளே செலுத்துகிறது. அந்தச் செல் தன்னைத்தானே சிதைத்துக்கொண்டு மடிகிறது.

லுகேமியாவுக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் வகிப்பது நோய் திரும்பி வருவதுதான். அப்படித் திரும்பாமல் தடுப்பதில் தானமாக வந்த என்கே செல்களுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. ஆமென்று அடித்துச் சொன்ன ஆய்வுகளும் இல்லையென்று மறுத்த ஆய்வுகளும் இருக்கின்றன. இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால்தான் விடை தெளிவாகும்: என்கே செல்லின் பலன் அந்தச் செல்லின் திறமையை மட்டும் பொறுத்ததல்ல, அது இயங்குவதற்கு அந்த மாற்றுச் சிகிச்சை எவ்வளவு இடம் விடுகிறது என்பதையும் பொறுத்தது.

மஜ்ஜையோடு வந்த மருந்து

எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு வழி வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் இ. டொனால் தாமஸ். 1957இல் அவர் குழு முதல் முயற்சிகளை வெளியிட்டது. 1959இல், முற்றிய லுகேமியா நோயாளிகள் இருவருக்கு அவர்களுடைய ஒற்றைக்கரு இரட்டையரின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. மஜ்ஜை வேர்பிடித்தது, ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. அன்றைய சிந்தனை எளியது: கடுமையான கதிர்வீச்சும் மருந்தும் லுகேமியாவை அழிக்கும், அழிந்துபோன மஜ்ஜைக்குப் பதிலாகப் புதியது வைக்கப்படும். குணப்படுத்துவது கதிர்வீச்சுதான், மஜ்ஜை வெறும் மாற்றுப்பொருள் என்றே கருதப்பட்டது. இந்தத் துறைக்காகத் தாமஸ் 1990இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்குள் அந்தச் சிந்தனை தலைகீழாக மாறியிருந்தது.

மாற வைத்தவை நோயாளிகளின் பதிவேடுகள். தானமாக வந்த செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கும் கோளாறு ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை ஜிவிஹெச்டி என்கிறார்கள். அந்தக் கோளாறால் அவதிப்பட்டவர்களிடம் லுகேமியா திரும்புவது குறைவாக இருப்பதை 1979இல் சியாட்டில் குழு காட்டியது. 1990இல் 2,254 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு இதை மேலும் உறுதிசெய்தது. முற்றிலும் ஒத்த மரபணுக்கள் கொண்ட இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களிடமும், டி செல்களை வடித்தெடுத்துவிட்ட மஜ்ஜையைப் பெற்றவர்களிடமும் நோய் அதிகமாகத் திரும்பியது. ஆக, கொடையாளரின் நோயெதிர்ப்புச் செல்களே மருந்தாக வேலை செய்கின்றன. டி செல்களை விட்டுவைத்தால் லுகேமியா அடங்கும், ஆனால் ஜிவிஹெச்டி கொல்லக்கூடும். நீக்கினால் ஜிவிஹெச்டி அடங்கும், ஆனால் லுகேமியா திரும்பும். தோலையும் குடலையும் விட்டுவிட்டு லுகேமியாவை மட்டும் தாக்கும் செல் எதுவும் இருக்கிறதா என்ற தேடல் இந்த இக்கட்டிலிருந்துதான் பிறந்தது.

காணாமல்போன சுயம்

என்கே செல்லின் கதை எலிகளிடம் தொடங்குகிறது. தாயும் தந்தையும் வெவ்வேறு தூய இனத்தைச் சேர்ந்தவை என்றால், அவற்றின் கலப்புக் குட்டி இருவரின் திசு அடையாளங்களையும் கொண்டிருக்கும். பெற்றோரில் எவரின் திசுவும் அதற்கு அந்நியமாகாது. எனவே அது எதையும் நிராகரிக்கக் கூடாது. தோல் ஒட்டு விஷயத்தில் அப்படியே நடந்தது. எலும்பு மஜ்ஜை விஷயத்தில் நடக்கவில்லை. பெற்றோரின் மஜ்ஜையைக் கலப்புக் குட்டி நிராகரித்தது. குஸ்தாவோ குட்கோவிச், மைக்கேல் பென்னட் ஆகியோர் 1971இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். டி செல் விதிகளால் விளக்க முடியாத நிகழ்ச்சி அது. மஜ்ஜை மாற்றில் வேறொரு செல் பங்கெடுக்கிறது என்பதற்கான முதல் தடயம் அதுவே என்று இன்று சொல்லலாம்.

1975இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவினரும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டார்கள். எந்தத் தடுப்பூசியும் போடாத, எந்தப் புற்றையும் சந்திக்காத எலியின் மண்ணீரலில்கூடப் புற்றுச் செல்லைக் கொல்லும் லிம்போசைட்டுகள் இருந்தன. முதலில் பலர் இதைச் சோதனைக் குழாயின் பின்னணி இரைச்சல் என்று ஒதுக்கினார்கள். கீஸ்லிங் குழு வைத்த பெயரே இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இந்தச் செல்கள் எதைப் பார்த்துக் கொல்கின்றன? விடை தந்தவர் அதே கரோலின்ஸ்காவின் கிளாஸ் கேரே. என்கே செல் அந்நியத்தைத் தேடுவதில்லை, சொந்த அடையாளம் இல்லாமல்போவதைத் தேடுகிறது என்பது 1981இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவர் முன்வைத்த கருத்து. வகுப்பறையில் புதுமுகத்தைத் தேடாமல், வருகைப் பதிவேட்டை வாசித்து யார் வரவில்லை என்று கவனிக்கும் ஆசிரியரைப் போன்றது இந்த முறை. 1986இல் கேரேயும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதனையில் நிறுவினார்கள். ஒரே எலி லிம்போமாவின் இரண்டு வடிவங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றின் மேற்பரப்பில் முதல் வகைத் திசு அடையாளப் புரதங்கள் வழக்கம்போல் இருந்தன. மற்றதில் அவை மிகவும் குறைந்திருந்தன. அடையாளம் குறைந்த செல்களை எலியின் உடல் அழித்தது. அடையாளம் உள்ளவை புற்றாக வளர்ந்தன. கலப்பு எலி பெற்றோரின் மஜ்ஜையை நிராகரித்த புதிரும் இதனால் அவிழ்ந்தது: பெற்றோரின் மஜ்ஜையில் அந்நியம் எதுவும் இல்லை, ஆனால் குட்டிக்குப் பழக்கமான அடையாளங்களில் பாதி இல்லை. ஆய்வகங்களில் என்கே செல்லின் திறனை அளக்க இன்றும் பயன்படும் கே562 என்ற மனித லுகேமியா செல் வரிசையிலும் இந்த அடையாளப் புரதங்கள் இல்லை.

இரு குரோமோசோம்களின் பேரம்

மனிதரில் அந்த அடையாளப் புரதங்கள் எச்எல்ஏ எனப்படுகின்றன; அவற்றின் மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. அவற்றை வாசிக்கும் என்கே செல் ஏற்பிகளில் முக்கியமான குடும்பம் கேஐஆர். அதன் மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமில் உள்ளன. 1990களின் தொடக்கத்தில் ஜெனோவாவில் லோரென்சோ மொரெட்டா, அலெசாண்ட்ரோ மொரெட்டா சகோதரர்களின் ஆய்வகங்கள் மனித ஏற்பிகளை அடையாளம் கண்டன. அதே காலத்தில் வேய்ன் யோகோயாமா, எலிகளில் இதே வேலையைச் செய்யும் வேறொரு ஏற்பிக் குடும்பத்தைக் கண்டார். இரண்டு குரோமோசோம்களும் தனித்தனியே மரபுவழி இறங்குவதால், எச்எல்ஏ முழுக்கப் பொருந்திய உடன்பிறப்புகளுக்கும் கேஐஆர் வேறுபடலாம்.

கேஐஆர் ஏற்பிகளில் சில தடுப்பவை, சில தூண்டுபவை. மாற்றுச் சிகிச்சையில் பெரிதும் பேசப்படும் தடுப்பு ஏற்பிகள் மூன்று வகை. எச்எல்ஏ-சி புரதத்தின் 80ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் புரதங்கள் சி1, சி2 என்று இரண்டு கூட்டங்களாகப் பிரிகின்றன. கேஐஆர்2டிஎல்1 என்ற ஏற்பி சி2 கூட்டத்தை வாசிக்கிறது. கேஐஆர்2டிஎல்2, கேஐஆர்2டிஎல்3 ஆகியவை முதன்மையாகச் சி1 கூட்டத்தை வாசிக்கின்றன. கேஐஆர்3டிஎல்1 ஏற்பிக்குரியது பிடபிள்யு4 என்ற அடையாளம். தனக்குரிய அடையாளத்தை ஏற்பி கண்டுவிட்டால் என்கே செல் அடங்கிவிடும். காணாவிட்டால் தடை நீங்கும்.

தடை நீங்குவது மட்டும் போதாது; தூண்டுதலும் வேண்டும். எதிரே உள்ள செல் அழுத்தத்துக்கு ஆளாகும்போது வெளிப்படுத்தும் மைக்கா, மைக்பி போன்ற புரதங்களை என்கேஜி2டி என்ற ஏற்பி பிடித்துக்கொள்கிறது. என்கேபி46, என்கேபி30, டினாம்-1 போன்றவையும் தூண்டும் ஏற்பிகளே. ஆரோக்கியமான தோல் செல்லிலும் குடல் செல்லிலும் இத்தகைய தூண்டுதல்கள் சொற்பம். டி செல்லைப் போல என்கே செல் இந்த உறுப்புகளைத் தாக்காமல் இருப்பதற்கு இதுவே முக்கிய விளக்கம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தனக்குரிய எச்எல்ஏ அடையாளம் தன் உடலில் இருக்கும் சூழலில் வளர்ந்த என்கே செல்தான் முழு வலுவோடு கொல்லும். அந்த அடையாளத்தையே பார்க்காமல் வளர்ந்த செல், தடை இல்லாத நிலையிலும் மந்தமாகவே இருக்கும். 2005இல் யோகோயாமா குழு எலிகளில் காட்டிய இந்தப் பயிற்சி முறைதான், எச்எல்ஏ சி2 இல்லாத மனிதர் தன் சொந்த என்கே செல்களாலேயே தாக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம்.

பெருஜியாவின் முடிவுகள்

இந்த விதிகள் எல்லாம் ஒன்றுகூடியது இத்தாலியின் பெருஜியா நகரில். ஓர் உடன்பிறப்பு எச்எல்ஏ முழுப் பொருத்தமாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஆனால் பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் பாதி பொருந்தியவர்கள். உடன்பிறப்புகளிலும் பாதிப் பேர் அப்படி அமைவார்கள். அரைப் பொருத்தக் கொடையாளரைப் பயன்படுத்த முடிந்தால், ஏறக்குறைய எந்த நோயாளிக்கும் கொடையாளர் உண்டு. மசிமோ மார்தெல்லி, ஃபிராங்கோ அவெர்சா, ஆந்திரேயா வெலார்தி ஆகியோர் இஸ்ரேலின் யாயிர் ரைஸ்னருடன் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். டி செல்களை ஏறக்குறைய முழுதும் வடித்துவிட்டு, சிடி34 ஸ்டெம் செல்களை வழக்கத்தைவிட மிக அதிக அளவில் செலுத்தினார்கள். ஜிவிஹெச்டிக்கான தடுப்பு மருந்துகள் இல்லாமலே மஜ்ஜை வேர்பிடித்தது. 1998இல் 43 நோயாளிகளின் விவரத்தை அவர்கள் வெளியிட்டார்கள். கடினமான நோயாளிகளில் சிலர், டி செல்கள் இல்லாதபோதும் லுகேமியா திரும்பாமல் வாழ்ந்தார்கள். யார் காப்பாற்றினார்கள் என்ற கேள்வி அங்கே எழுந்தது.

2002இல் லோரெதானா ருஜேரி, வெலார்தி முதலானோர் எழுதிய கட்டுரை விடை சொன்னது. கொடையாளரிடம் உள்ள ஒரு கேஐஆர் அடையாளம் நோயாளியிடம் இல்லையென்றால், கொடையாளரின் என்கே செல்களில் ஒரு பகுதி தடையின்றித் தாக்கும். உதாரணமாக, கொடையாளரிடம் சி1, சி2 இரண்டும் இருந்து நோயாளியிடம் சி1 மட்டும் இருந்தால், சி2 அடையாளத்தை மட்டும் வாசிக்கும் செல்களுக்கு நோயாளியின் உடலில் தடுப்பவர் யாருமில்லை. ஆய்வில் இருந்த 92 நோயாளிகளில் 57 பேருக்கு ஏஎம்எல் எனப்படும் தீவிர மைலாய்டு லுகேமியா. 35 பேருக்கு ஏஎல்எல் எனப்படும் தீவிர லிம்போப்ளாஸ்டிக் லுகேமியா. ஏஎம்எல் நோயாளிகளில் இத்தகைய பொருத்தமின்மை இல்லாதவர்களிடம் ஐந்தாண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு 75 சதவீதம். பொருத்தமின்மை இருந்தவர்களிடம் பூஜ்யம். நோயின்றி உயிர்வாழும் வாய்ப்பு முந்தையவர்களுக்கு 5 சதவீதம், பிந்தையவர்களுக்கு 60 சதவீதம். மஜ்ஜை நிராகரிக்கப்படுவதும், ஜிவிஹெச்டியும் பிந்தையவர்களிடம் காணப்படவில்லை.

பொருத்தமின்மை நன்மையாகும் என்பது மாற்றுச் சிகிச்சையின் அடிப்படைப் பாடத்துக்கே எதிரானது. அதனால் எலிகளில் வழிமுறை ஆராயப்பட்டது. கொடையாளரின் என்கே செல்கள் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்தன. லுகேமியாவைக் கொன்றன. நோயாளியின் எஞ்சிய டி செல்களை அழித்து நிராகரிப்பைத் தவிர்த்தன. நோயாளியின் டென்ட்ரைட்டிக் செல்களை அழித்தன; கொடையாளரின் டி செல்லைத் தூண்டி ஜிவிஹெச்டியைத் தொடங்கிவைப்பவை இவைதான். முதலிலேயே என்கே செல் பெற்ற எலிகள், மற்ற எலிகளைக் கொன்றுவிடும் டி செல் அளவைத் தாங்கிப் பிழைத்தன. 2007இல் பெருஜியா குழு 112 ஏஎம்எல் நோயாளிகளின் விவரத்தைத் தந்தது. நோய் அடங்கியிருந்த நிலையில் மாற்று செய்துகொண்டவர்களில், என்கே பலன் எதிர்பார்க்கப்பட்டவர்களிடம் நோய் திரும்பியது 3 சதவீதம்; மற்றவர்களிடம் 47 சதவீதம்.

ஏஎல்எல் நோயாளிகளான பெரியவர்களிடம் இந்தப் பலன் காணப்படவில்லை. அவர்களின் லுகேமியா செல்களில் பல, என்கே செல் ஒட்டிப் பிடிப்பதற்கான மூலக்கூறுகளைச் சரிவர வெளிப்படுத்தாதவை. குழந்தைகளின் ஏஎல்எல் நிலை வேறு. என்கே செல்கள் அதைக் கொல்வதற்கான சான்றுகள் மெம்ஃபிஸிலும் ஜெனோவாவிலும் நடந்த ஆய்வுகளில் கிடைத்தன. மேலும், நோயாளியிடம் சி1, சி2, பிடபிள்யு4 மூன்றும் இருந்தால் எந்தக் கொடையாளரின் என்கே செல்லும் இந்த முறையில் தடை நீங்கப் பெறாது. மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அப்படிப்பட்டவர்கள்.

முரண்பட்ட சான்றுகள்

பெருஜியாவின் முடிவு வந்ததும் உலகின் பல மையங்கள் தங்கள் பழைய பதிவேடுகளைத் திறந்து பார்த்தன. முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 2002இல் மினசோட்டா குழு, உறவல்லாத கொடையாளர்களிடம் இந்தப் பொருத்தமின்மையால் பலன் எதுவும் இல்லை என்றது. 2003இல் செபாஸ்தியான் கீபெல் தலைமையிலான குழு, அதே வகைக் கொடையாளர்களிடம் பெரிய பலன் இருப்பதாகச் சொன்னது: நோயின்றி உயிர்வாழும் வாய்ப்பு 39 சதவீதத்துக்கு எதிராக 87 சதவீதம். ஜப்பானின் பெரிய தொகுப்பாய்வில் நிலைமை இன்னும் மோசம். பொருத்தமின்மை இருந்தவர்களிடம் ஜிவிஹெச்டி கூடியது.

இந்த முரண்பாட்டை என்கே கோட்பாட்டின் தோல்வி என்று படிப்பது அவசரம். சிகிச்சை முறைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் துலங்குகிறது. பெருஜியாவில் டி செல்கள் ஏறக்குறைய முழுவதும் வடிக்கப்பட்டிருந்தன. ஸ்டெம் செல்கள் ஏராளம். தடுப்பு மருந்துகள் இல்லை. கீபெலின் நோயாளிகளுக்கு டி செல்லை அழிக்கும் எதிர்ப்பொருள் மருந்து தரப்பட்டிருந்தது. மற்ற பல மையங்களில் டி செல்கள் மஜ்ஜையோடு அப்படியே சென்றன. டி செல் நிறைந்த மாற்றில் புதிதாக வளரும் என்கே செல்களில் கேஐஆர் ஏற்பிகள் சரியாக வெளிப்படுவதில்லை என்பதைச் சாரா கூலி, ஜெஃப்ரி மில்லர் முதலானோர் பின்னர் காட்டினார்கள். அதாவது, தாக்கவேண்டிய செல் அங்கே முழு உருவம் பெறவே இல்லை. ஜிவிஹெச்டிக்கான மருந்துகளும் என்கே செல்லை அடக்கக்கூடியவை. கேள்வி ஒன்றுதான் என்றாலும் கேட்கப்பட்ட சூழல்கள் வேறு வேறு.

அதே மினசோட்டாக் குழு பின்னர் வேறொரு கோணத்தைக் கையிலெடுத்தது. கேஐஆர் மரபணுக்கள் இரண்டு தொகுப்புகளாக இறங்குகின்றன. ஏ தொகுப்பில் தூண்டும் ஏற்பி பெரும்பாலும் ஒன்றே. பி தொகுப்பில் பல. உறவல்லாத கொடையாளர்களிடமிருந்து மாற்று பெற்ற 1,409 பேரின் விவரம் 2010இல் வெளியானது. பி தொகுப்பு, குறிப்பாகக் குரோமோசோமின் மையப் பக்கத்தில் உள்ள பகுதி, கொடையாளரிடம் இருந்தால் ஏஎம்எல் குறைவாகத் திரும்பியது. ஏஎல்எல் விஷயத்தில் வேறுபாடு இல்லை. 2012இல் 1,277 ஏஎம்எல் நோயாளிகளை ஆராய்ந்த மற்றொரு கட்டுரை, கேஐஆர்2டிஎஸ்1 என்ற தூண்டும் ஏற்பியைச் சுட்டியது. அந்த ஏற்பி உள்ள கொடையாளர்களிடமிருந்து பெற்றவர்களில் நோய் திரும்பியது 26.5 சதவீதம், இல்லாதவர்களிடமிருந்து பெற்றவர்களில் 32.5 சதவீதம். கொடையாளர் சி2 அடையாளத்தை மட்டும் இரட்டிப்பாகக் கொண்டிருந்தால் இந்தப் பலனும் மறைந்தது. எப்போதும் தன் இலக்கைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த தூண்டும் ஏற்பி மரத்துப்போவதே அதற்குத் தரப்படும் விளக்கம்.

ஆனால் 2020இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இத்தகைய கேஐஆர் விதிகளைத் தங்கள் நாட்டின் பெரிய நோயாளித் தொகுப்பில் சோதித்தபோது, எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆறு சதவீத வேறுபாடு போன்ற மென்மையான விளைவு, மருந்து முறையும் காலமும் மாறும்போது கரைந்துவிடக்கூடியதே. உறவல்லாத, முழுப் பொருத்தமான கொடையாளர்களிடையே கேஐஆர் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை உலகளாவிய விதியாக்குவதற்கு இன்றைய சான்று போதாது.

மாற்றுக்குப் பிந்தைய மாதங்கள்

மாற்றுக்குப் பிறகு முதலில் எண்ணிக்கையில் மீளும் லிம்போசைட் என்கே செல்தான். முதல் மாதத்துக்குள்ளாகவே அது ரத்தத்தில் நிறைந்துவிடும். டி செல்கள் முழுமையாக மீள மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். 30ஆம் நாளில் என்கே செல் எண்ணிக்கை நன்றாக இருந்தவர்களிடம் நோய் குறைவாகத் திரும்புவதைப் பல மையங்கள் கண்டுள்ளன. ஆனால் முதலில் வருபவை பெரும்பாலும் முதிராதவை. சிடி56 புரதத்தை மிகுதியாகக் காட்டும் இவை சமிக்ஞைப் புரதங்களைச் சுரப்பதில் கைதேர்ந்தவை, கொல்வதில் பின்தங்கியவை. எச்எல்ஏ-இ அடையாளத்தைக் கண்டால் அடங்கிவிடும் என்கேஜி2ஏ என்ற தடுப்பு ஏற்பியை இவை நிறையவே சுமக்கின்றன. கேஐஆர் நிறைந்த முதிர்ந்த செல்கள் வருவதற்கு மேலும் சில மாதங்கள் ஆகின்றன. லுகேமியா மறைந்திருந்து மீண்டும் பெருகுவதும் இதே மாதங்களில்தான்.

உடலில் உறங்கிக்கிடக்கும் சைட்டோமெகலோவைரஸ் இந்தக் காலத்தில் விழித்துக்கொள்வது வழக்கம். அது விழித்தவர்களிடம் என்கேஜி2சி என்ற ஏற்பி கொண்ட, நீண்டகாலம் நிலைக்கும், நினைவாற்றல் போன்ற இயல்புடைய என்கே செல்கள் பெருகுகின்றன. அத்தகையவர்களிடம் லுகேமியா குறைவாகத் திரும்பியதாகச் சில ஆய்வுகள் தெரிவித்தன. பன்னாட்டுப் பதிவேட்டின் பெரிய ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. வைரஸ் விழித்தவர்களில் பிற காரணங்களால் இறப்பு கூடியதையே அது கண்டது. வைரஸை நண்பனாகக் கருத இடமில்லை.

மாற்று முறையின் தேர்வும் என்கே செல்லின் விதியைத் தீர்மானிக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லியோ லுஸ்னிக், எஃப்ரெய்ம் ஃபூக்ஸ் முதலானோர் உருவாக்கிய முறையில், மாற்றுக்குப் பின் 3ஆம், 4ஆம் நாள்களில் சைக்ளோபாஸ்ஃபமைடு தரப்படுகிறது. தீவிரமாகப் பெருகும் டி செல்களை அழிப்பது நோக்கம். செல்களை வடிக்கும் கருவி வேண்டாம், செலவு குறைவு. அதனால் அரைப் பொருத்த மாற்று உலகெங்கும் பரவியது இந்த முறையில்தான். ஆனால் கொடையோடு வந்து பெருகத் தொடங்கும் முதிர்ந்த என்கே செல்களையும் அந்த மருந்து சேர்த்தே அழிப்பதை மிலான் ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். ரோமில் ஃபிராங்கோ லொகாதெல்லி குழு வேறு வழி எடுத்தது. ஆல்ஃபா-பீட்டா வகை டி செல்களையும் பி செல்களையும் மட்டும் நீக்கி, என்கே செல்களையும் காமா-டெல்டா டி செல்களையும் விட்டுவைக்கும் அந்த முறை குழந்தைகளிடம் நல்ல பலன் தந்துள்ளது. என்கே செல்லுக்கு இடம் விடும் சிகிச்சை என்று சொன்னால் பெருஜியாவுக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்லவேண்டும்.

லுகேமியா சும்மா இருப்பதில்லை. மைக்கா போன்ற புரதங்களை மேற்பரப்பிலிருந்து வெட்டி ரத்தத்தில் உதிர்த்துவிடுகிறது. என்கே செல்லின் ஏற்பிகள் அந்த உதிரிகளைப் பிடித்து மந்தமாகின்றன. ஏஎம்எல் நோயின் வேராக இருக்கும் லுகேமியா ஸ்டெம் செல்கள் என்கேஜி2டி பிடிக்கக்கூடிய புரதங்களையே காட்டாமல் தப்பிப்பதை 2019இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. அரைப் பொருத்த மாற்றுக்குப் பிறகு, பொருந்தாத பாதி எச்எல்ஏ அடையாளத்தை முழுவதுமாகக் கழற்றிவிட்டு டி செல்களிடமிருந்து லுகேமியா தப்புவதை மிலானின் லூகா வாகோ குழு 2009இல் விவரித்தது. அப்படிக் கழற்றியதில் ஒரு கேஐஆர் அடையாளமும் போய்விட்டால், அதே செல் என்கே செல்லின் கண்ணில் படக்கூடும் என்பது கோட்பாட்டளவில் நம்பிக்கை தரும் செய்தி.

செல்லையே மருந்தாகத் தருவது

இயல்பாக வளரும் வரை காத்திராமல் என்கே செல்லை வெளியிலிருந்து ஏற்றும் முயற்சியும் நடக்கிறது. 2005இல் மில்லர் குழு, மோசமான நிலையில் இருந்த 19 ஏஎம்எல் நோயாளிகளுக்கு அரைப் பொருத்த உறவினர்களின் என்கே செல்களை ஏற்றியது. 5 பேரிடம் நோய் முழுமையாக அடங்கியது. வலுவான கீமோவால் நோயாளியின் சொந்த லிம்போசைட்டுகளை முன்கூட்டியே குறைத்தபோதுதான், இன்டர்லூகின்-15 அளவு உயர்ந்து ஏற்றிய செல்கள் தங்கிப் பெருகின. 2010இல் மெம்ஃபிஸின் செயின்ட் ஜூட் மருத்துவமனை, நோய் அடங்கிய 10 குழந்தைகளுக்கு இவ்வாறு ஏற்றி, ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை என்று அறிவித்தது. அதே மையத்தின் அடுத்த ஆய்வில் இந்தப் பலன் தெரியவில்லை. சிறிய ஆய்வுகளின் நற்செய்தியை எவ்வளவு நிதானத்தோடு ஏற்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இன்டர்லூகின் 12, 15, 18 மூன்றிலும் ஊறவைத்து நினைவாற்றல் ஏற்றப்பட்ட என்கே செல்களை 2016இல் செயின்ட் லூயிஸ் குழு சோதித்தது. மதிப்பிட முடிந்த 9 ஏஎம்எல் நோயாளிகளில் 5 பேரிடம் பலன் தெரிந்தது. ஹூஸ்டனின் எம்டி ஆண்டர்சன் மையத்தில், மாற்றியமைத்த கே562 செல்களோடு வளர்த்துப் பெருக்கிய என்கே செல்கள் அரைப் பொருத்த மாற்றோடு சேர்த்துத் தரப்பட்டன. அதே மையத்தில் கேட்டி ரெஸ்வானி குழு, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த என்கே செல்களில் சிடி19 புரதத்தைத் தேடும் செயற்கை ஏற்பியைப் பொருத்தியது. 2020இல் வெளியான முதல் முடிவில், நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவும் லிம்போமாவும் கொண்ட 11 பேரில் 8 பேரிடம் பலன் கிடைத்தது. டி செல் வகைச் சிகிச்சையில் அஞ்சப்படும் கடும் அழற்சிப் புயலோ ஜிவிஹெச்டியோ அவர்களிடம் வரவில்லை.

என்கே செல் எப்போதும் ஆபத்தற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், டி செல் நீக்கிய மாற்றுக்குப் பிறகு மிகத் தீவிரமாகத் தூண்டப்பட்ட என்கே செல்களை ஏற்றியபோது 9 பேரில் 5 பேருக்கு ஜிவிஹெச்டி வந்ததாக 2015இல் பதிவானது. குறைந்த அளவில் இருந்த டி செல்களை அவை உசுப்பிவிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இந்திய நோயாளிகளுக்கு

இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986இல் தொடங்கியது. 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகள் வளர்ந்திருந்தாலும், நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு. குடும்பங்களும் சிறுத்துவருகின்றன. அதனால் இங்கே அரைப் பொருத்த மாற்றின் தேவை பெரிது. கேஐஆர் பரவலும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜப்பானியரில் பாதிக்கு மேற்பட்டோர் ஏ தொகுப்பை மட்டும் உடையவர்கள். இந்தியாவில் செய்யப்பட்ட ஆய்வுகளில் பி தொகுப்பைச் சுமப்பவர்களே பெரும்பான்மை. அமெரிக்க, ஐரோப்பியப் பதிவேடுகளிலிருந்து வந்த கேஐஆர் விதிகள் இங்கே அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. நம் நோயாளிகளின் விவரங்களை வைத்தே சோதிக்கவேண்டியவை அவை.

கொடையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது எச்எல்ஏ பொருத்தம், வயது, நோயாளியின் ரத்தத்தில் கொடையாளருக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பது, சைட்டோமெகலோவைரஸ் நிலை ஆகியவையே முதலில் பார்க்கப்பட வேண்டியவை. என்கே கணக்கு அதற்குப் பின்னரே வருகிறது. ஆனால் டி செல் நீக்கிய அரைப் பொருத்த மாற்றுக்குச் செல்லும் ஏஎம்எல் நோயாளிக்கும், அதே முறைக்குச் செல்லும் ஏஎல்எல் குழந்தைக்கும் தகுதியுள்ள உறவினர்கள் பலர் இருந்தால், என்கே பொருத்தமின்மை உள்ளவரைத் தேர்ந்தெடுப்பதே நியாயம். அதற்காகப் புதிய பரிசோதனை எதுவும் வேண்டியதில்லை. எல்லா நோயாளிக்கும் கொடையாளருக்கும் எப்படியும் செய்யப்படும் எச்எல்ஏ வகைப்பாட்டிலேயே சி1, சி2, பிடபிள்யு4 விவரம் அடங்கியிருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணிப்பான்களில் அதை இட்டால் போதும்.